வீட்டு கேட்டை மறித்து வண்டி நிறுத்தினால் சட்டப்படி என்ன செய்யலாம்?

வீட்டுக்கு முன்னால் யாரோ காரை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். கோபம் வருவது நியாயம்தான். ஆனால் யாரிடம் புகார் சொல்வது என்று யோசிப்பதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கார் உங்கள் கேட்டை மறித்து நிற்கிறதா, காம்பவுண்டு சுவரை ஒட்டி நிற்கிறதா? கேட்டை மறித்தால் சட்டம் முழுக்க உங்கள் பக்கம். சுவரை ஒட்டி ஒழுங்காக நின்றால், பெரும்பாலும் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

இதைச் சொன்னால் பலருக்கு மனசு ஒப்புவதில்லை. "சொத்து வரி கட்டுகிறேன், என் வீட்டுக்கு முன்னால் இன்னொருத்தர் எப்படி நிறுத்தலாம்?" என்று கேட்பார்கள். வரி உங்கள் மனைக்கும் கட்டடத்துக்கும்தான். சுவருக்கு வெளியே தொடங்கும் தெரு மாநகராட்சியுடையது, அல்லது நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சியுடையது. அங்கே நிறுத்தத் தடை இல்லாத வரை, பக்கத்துத் தெருக்காரருக்கும் உங்களுக்கும் ஒரே உரிமைதான். உங்கள் வண்டிக்காக அந்த இடத்தைப் பிடித்து வைக்க முடியாது.

அதனால்தான் தெருவில் நாமாக வைக்கும் தடுப்புகள் செல்லாது. பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி நட்ட கம்பி, மணல் மூட்டை, பழைய டயர், சாலைக்குள் இறக்கி வைத்த குரோட்டன்ஸ் தொட்டி, 'நோ பார்க்கிங்' ஸ்டாண்டு எல்லாமே ஆக்கிரமிப்புக் கணக்கில்தான் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 116, 117 பிரிவுகளின்படி, போக்குவரத்துப் பலகை வைப்பதும் வண்டி நிறுத்தும் இடத்தைத் தீர்மானிப்பதும் அரசும் அதற்கு அதிகாரம் பெற்ற அமைப்பும் செய்ய வேண்டிய வேலை. அனுமதி இல்லாமல் வைத்த பலகைகளையும் தடுப்புகளையும் எடுக்கச் சொல்லி 2024-இல் சென்னைப் போக்குவரத்து போலீஸார் எச்சரித்தார்கள். உங்கள் சொந்த கேட்டின் மேல் "கேட்டுக்கு முன் வண்டி நிறுத்தாதீர்கள்" என்று எழுதி மாட்டுவதில் தவறில்லை. அது வேண்டுகோள், அவ்வளவுதான்.

சரி, கேட் விஷயத்துக்கு வருவோம். இங்கே உங்களுக்குப் பலகையே தேவையில்லை. நிறைய பேருக்கு இது தெரியாததால்தான், "போர்டு இல்லையே சார்" என்று வண்டிக்காரர் சொன்னதும் அடங்கிப்போகிறார்கள். 2017-இல் வந்த மோட்டார் வாகனங்கள் ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, ஓர் இடத்தின் நுழைவாயிலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது. அதற்கும் மேலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு இருக்கிறது. பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ, தடையோ, அளவுக்கு மீறிய சிரமமோ உண்டாகும்படி வண்டியை விட்டுவைக்கக் கூடாது என்கிறது அது. முழு கேட்டையும் அடைத்தால்தான் குற்றம் என்று இல்லை. காரின் பின்பக்கம் இரண்டடி கேட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்து உங்கள் வண்டியை வெளியே எடுக்க முடியவில்லை என்றால் அதுவும் தடைதான். ஒடுக்கமான தெருவில் எதிர்ச்சாரியில் நிறுத்தி, உங்கள் காரைத் திருப்ப இடமில்லாமல் செய்தாலும் 122-ஐச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம்.

இதற்கான அபராதம் 177-ஆம் பிரிவின் கீழ் முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைகளுக்கு 1,500 ரூபாய் வரை. போக்குவரத்தையே தடுக்கும்படி நிறுத்தினால் 201-ஆம் பிரிவில் 500 ரூபாய் வரை. தொகை பெரிதில்லை. நமக்கு உண்மையில் உதவுவது 127-ஆம் பிரிவு. தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியையோ, பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் கவனிப்பாரின்றி நிற்கும் வண்டியையோ இழுத்துச் செல்லவும் சக்கரத்தைப் பூட்டவும், அந்த எல்லைக்குரிய சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். இழுத்துச் செல்லும் செலவும் வண்டிக்காரர் தலையில்தான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: உங்கள் கேட்டுக்கு முன்னால் நிற்கும் வண்டிக்குச் சக்கரப் பூட்டு போட்டால் அது இன்னும் அதிக நேரம் அங்கேயே நிற்கும். அதனால் புகார் சொல்லும்போதே, "வண்டியை எடுக்க வைக்க வேண்டும், பூட்டு போட்டால் எங்களுக்குப் பிரயோஜனம் இல்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

போனை எடுப்பதற்கு முன் ஒரு பத்து நிமிடம் வண்டிக்காரரைத் தேடிப் பார்ப்பது நல்லது. அநேகமாக அவர் பக்கத்து கிளினிக்கிலோ, டியூஷனிலோ, முகூர்த்த நாள் என்றால் தெருமுனை மண்டபத்திலோ இருப்பார். மண்டபத்தில் வண்டி எண்ணைச் சொன்னால் மைக்கிலேயே அறிவித்துவிடுவார்கள். ஆளைப் பார்த்ததும், "அண்ணே, கேட்டை மறைச்சிருக்கு, வண்டியைக் கொஞ்சம் முன்னாடி எடுத்து விட்டுடுங்க" என்றால் பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும். வண்டி விவரம் பார்க்கும் அரசுச் செயலியான எம்பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் அதில் உரிமையாளர் பெயர் பாதி மறைந்துதான் வரும், போன் நம்பர் வராது. போலீஸாரால் அந்த விவரத்தை எடுத்து அவரையே கூப்பிட முடியும்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் 100 அல்லது 112. கதையாகச் சொல்லாமல் நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள்: தெரு, கதவு எண், வண்டி எண், கேட் அடைபட்டு வண்டியை எடுக்க முடியவில்லை என்பது. வீட்டில் டயாலிசிஸுக்குப் போக வேண்டியவரோ, சக்கர நாற்காலியில் இருப்பவரோ, பிரசவத்துக்கு நாள் நெருங்கியவரோ இருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் வந்து நிற்க இடமில்லை என்பது யாருக்கும் அலட்சியமாகப் படக் கூடாத விஷயம்.

கூடவே இரண்டு படம் எடுத்து வையுங்கள். ஒன்றில் நம்பர் பிளேட் படிக்கும்படி இருக்க வேண்டும். இன்னொன்றைச் சாலையின் எதிர்ப்புறம் நின்று, கேட்டின் இரண்டு தூண்களும் நடுவில் வண்டியும் தெரியும்படி எடுக்க வேண்டும். வெறும் நம்பர் பிளேட்டை மட்டும் அனுப்பினால் வண்டி எங்கே நின்றது என்று யாருக்கும் புரியாது.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். காற்றைப் பிடுங்குவது, சாவியால் கோடு போடுவது, கண்ணாடியை மடக்கி உடைப்பது. வண்டிக்குச் சேதம் விளைவித்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவில் வழக்கு உங்கள் மேல் வரும். அவர் 500 ரூபாயோடு தப்பிக்க, நீங்கள் ஸ்டேஷனுக்கு அலைவீர்கள். பழிக்குப் பழியாக உங்கள் காரைக் குறுக்கே நிறுத்தி அவரைப் போகவிடாமல் செய்வதும் ஆபத்துதான். போக உரிமையுள்ள வழியில் ஒருவரைப் போகவிடாமல் வேண்டுமென்றே தடுப்பது அதே சட்டத்தின் 126-ஆம் பிரிவில் குற்றம்: ஒரு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே, திரும்பத் திரும்ப உங்களை வெளியே விடாமல் ஒருவர் வண்டியைக் குறுக்கே போட்டால், நீங்களும் இதே பிரிவைப் புகாரில் எழுதலாம்.

வாரா வாரம் இதே தொல்லை என்றால் போன் போதாது. தேதி, நேரம், படங்களோடு போக்குவரத்துக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். தெருவில் நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் மனுவுக்கு கனம் கூடும். அதில் அதிகாரபூர்வமான நோ பார்க்கிங் பலகையோ, ஒரு பக்கம் மட்டும் நிறுத்தும் ஏற்பாடோ கேட்கலாம். தொல்லையின் வேர் ஒரு மண்டபமோ ஓட்டலோ என்றால் அதன் பார்க்கிங்கைப் பாருங்கள். அனுமதி வாங்கிய கட்டட பிளானில் வண்டி நிறுத்தக் காட்டிய தரைத்தளத்தில் இப்போது சமையல்கூடமோ குடோனோ இருந்தால், மாநகராட்சிக்கோ சென்னைப் பெருநகர் என்றால் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வுக்கோ புகார் எழுதலாம். என்னைக் கேட்டால், தனித்தனி காரோடு மல்லுக்கட்டுவதைவிட இது ஒன்றுதான் நிரந்தரப் பலன் தரும். பதில் வரவில்லை என்றால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100-இல் பதிவு செய்யலாம்.

மாதக்கணக்கில் டயர் இறங்கி, தூசி படிந்து, அடியில் குப்பை சேர்ந்து நிற்கும் வண்டிக்கு வழி வேறு. சென்னையில் மாநகராட்சியின் 1913-ஐ அழைத்துக் கைவிடப்பட்ட வாகனம் என்று பதிவு செய்யுங்கள். மற்ற ஊர்களில் ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். உள்ளூர் காவல் நிலையத்துக்கும் வண்டி எண்ணைக் கொடுத்துவிடுங்கள், திருட்டு வண்டியாகவும் இருக்கலாம்.