போஸ்டிங் ரீட்: ஒப்புகை வாசிப்பு

கொருக்குப்பேட்டை வீட்டு மாடியில் அக்கா மகன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, லினக்ஸின் கருவான கெர்னல் நிரலைத் துழாவிக்கொண்டிருந்தான். இன்டெல் கிராஃபிக்ஸ் கருவியை இயக்கும் நிரலான ஐ915 டிரைவர். ஒரு வரியில் விரலை வைத்து, "இன்னா மாமா இது? ரெஜிஸ்டரப் படிக்கிறான், படிச்சத எங்கயும் வெச்சிக்கவே இல்ல. அப்படியே தூக்கிப் போட்டுடறான்" என்றான்.

அந்த வரியில் இருந்த பெயர் போஸ்டிங் ரீட். அகராதியை வைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'இடுகை வாசிப்பு' என்று வரும். யாரோ ஃபேஸ்புக்கில் போட்டதைப் படிப்பது போலத்தான் தொனிக்கும். இங்கே போஸ்ட் என்பது இடுகை அல்ல, தபால்.

முதலில் ரெஜிஸ்டர். வேர் லத்தீன். 'ரெ' என்றால் திரும்ப, 'கெரெரே' என்றால் சுமத்தல். திரும்பச் சுமந்து வந்து சேர்த்தவை 'ரெகெஸ்டா', அதாவது எழுதித் தொகுத்த பட்டியல். இடைக்கால லத்தீனில் அது 'ரெஜிஸ்ட்ரும்' ஆகி, பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போனது. நம் பேச்சில் அது ரெஜிஸ்டர் ஆபீஸ், ரெஜிஸ்டர் மேரேஜ், ரெஜிஸ்டர் தபால் என்று கலந்துவிட்டது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ரெஜிஸ்டர் நோட்டு கேட்டால் கெட்டி அட்டை போட்ட நீள நோட்டை எடுத்து வைப்பார்கள். அதற்குத் தமிழ் பதிவேடு. கணினிக்குள் ஓர் எண் தங்கும் சிறு இடத்துக்கும் ரெஜிஸ்டர் என்றே பெயர், அதற்குத் தமிழ் பதிவகம்.

பிராசஸருக்குள் இருக்கும் ரெஜிஸ்டருக்குப் பதிவகம் நன்றாகவே பொருந்துகிறது. ஈர மணலில் கால் பதிவது போல எண் பதிகிறது, அடுத்தது வரும்வரை அப்படியே இருக்கிறது. கிராஃபிக்ஸ் கருவியின் ரெஜிஸ்டரோ வேறு சாதி. அதில் 1 எழுதினால் திரை அணையலாம். எழுதியது ஒன்று, படித்தால் வருவது இன்னொன்றாக இருக்கலாம். சில ரெஜிஸ்டர்களைப் படித்தாலே உள்ளே இருப்பது அழிந்துவிடும். அதை அழைப்பு மணி என்று சொன்னாலும் தகும். சொல்லை மாற்ற வேண்டாம், பதிவகமே இருக்கட்டும். ஆனால் 'அகம்' என்ற ஒட்டைப் பார்த்து, நினைவகம் மாதிரி எத்தனை தடவை எட்டிப் பார்த்தாலும் செலவில்லை என்று நினைப்பதில்தான் வம்பு தொடங்குகிறது.

போஸ்ட் என்பதும் லத்தீன்தான், 'வைத்தல்' என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. சாலையில் இன்ன இன்ன இடத்தில் என்று நிறுத்திவைத்த குதிரைக்காரர்கள் கைமாற்றிக் கடிதம் கொண்டுபோனார்கள். தமிழில் தபால், அஞ்சல் என்று இரண்டு சொல் உண்டு. திருவிதாங்கூரும் கொச்சியும் நடத்திய தபாலுக்கு அஞ்சல் என்றே பெயர். 1951இல் அது இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது. பழந்தமிழில் 'அஞ்சல்' என்றால் பயப்படாதே என்றும் பொருள். பெட்டியில் போட்டுவிட்டுப் பயப்படாமல் போ என்று வைத்துக்கொண்டால் அதுவும் தப்பில்லை.

ஏனென்றால் பிராசஸர் செய்வதும் அதுதான். கருவிகளைப் பிராசஸரோடு இணைக்கும் பாதையான பிசிஐ பஸ் வழியாகக் கிராஃபிக்ஸ் கருவிக்கு ஒன்றை எழுதும்போது, வழியில் இருக்கும் பிரிட்ஜ் என்ற இடைச் சில்லிடம் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதில்லை. படிப்பது அப்படி இல்லை. பதில் வரும்வரை நின்றே ஆக வேண்டும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் வண்டியை அணைத்துவிட்டு நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கேள்வி போய்ப் பதில் வரச் சில நூறு நானோ செகண்டிலிருந்து ஒரு மைக்ரோ செகண்டு வரை இழுக்கும். 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கு ஒரு மைக்ரோ செகண்டு என்பது 3,000 துடிப்பு. கருவி மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கிக்கொண்டிருந்தால், சில ரெஜிஸ்டர்களைப் படிக்க அதை எழுப்பவும் வேண்டும்.

இப்போது அந்த வரிக்கு வருவோம். பிசிஐ விதிப்படி, முன்னால் எழுதி அனுப்பியவற்றை ஒரு வாசிப்பு முந்திப் போக முடியாது. கேட்டில் நமக்கு முன்னால் நிற்கும் லாரி தாண்டினால்தான் நாம் தாண்ட முடியும். ஆகவே எழுதிவிட்டு உடனே அதே கருவியில் ஒன்றைப் படித்தால், பதில் கைக்கு வரும்போது எழுதியதும் கருவிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். வந்த எண் யாருக்கும் வேண்டாம். அது வந்ததே போதும். முன்பு ரெஜிஸ்டர் தபாலோடு கட்டி அனுப்பிய ஒப்புகை அட்டையும் இதே கதை. அதில் சேதி ஒன்றும் இருக்காது, கடிதம் சேர்ந்தது என்ற கையெழுத்து மட்டும் இருந்தது. அதனால் போஸ்டிங் ரீடுக்கு 'ஒப்புகை வாசிப்பு' என்பதே என் தேர்வு. 'படிப்பு' என்று போட்டால் எந்தக் காலேஜ் என்று கேட்பார்கள்.

இது சில இடங்களில் அவசியம். கருவியை ரீசெட் செய்ய ஒரு பிட்டை 1 ஆக ஏற்றி, 10 மைக்ரோ செகண்டு பொறுத்து, 0 ஆக இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒப்புகை இல்லாவிட்டால் முதலில் எழுதியது பிரிட்ஜிலேயே உட்கார்ந்திருக்கலாம், அப்போது நாம் பொறுத்தது வீண்.

ஆனால் பூட்டிவிட்டு மூன்று தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பவர்கள் டிரைவர் எழுதுகிறவர்களிலும் உண்டு. பத்து ரெஜிஸ்டர்களில் வரிசையாக எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஒப்புகை இருக்கும், கடைசியில் ஒன்று போதும் என்றாலும். சில இடத்தில் அதுகூட வேண்டாம், இரண்டு வரி தள்ளி எப்படியும் நிலையைப் படிக்கத்தான் போகிறோம். கருவி எந்தெந்தக் காரணத்துக்குப் பிராசஸரைக் கூப்பிடலாம் என்று குறிக்கும் இன்டரப்டு முகமூடியில் ஒரு பிட்டை மாற்ற, தானே எழுதிய எண்ணைக் கருவியிடம் திரும்பக் கேட்பது இன்னொரு வகை. நினைவகத்தில் ஒரு நகல் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

எழுதிய நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் இவற்றை நீக்கித் தராது. கருவியைப் படிக்கும் வரிகள் சி மொழியில் 'வாலட்டைல்' என்ற முத்திரையோடு வருகின்றன. தொடாதே என்று அதற்குப் பொருள். ஆள்தான் உட்கார்ந்து நீக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வேண்டாத வாசிப்பு தந்த தாமதமே வேறொரு பிழையை மூடிவைத்திருக்கலாம். எடுத்ததும் திரை மினுக்கும். அதனால் ஒரு மாற்றத்தில் ஓர் இடத்தை மட்டும் தொடுவது நல்லது. தப்பு நடந்தால் எங்கே என்று தேட வசதி.

பையன் காட்டிய வரிக்கு அடுத்ததே ஒரு காத்திருப்பு. "அத்த உட்டுரு" என்றேன். மேலே எட்டு வரி தள்ளி இன்னொன்று இருந்தது, அதற்குப் பின்னால் காத்திருப்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

"இது?"

"நீயே சொல்லு."

அந்த வரியைக் கமெண்ட் போட்டு மறைத்துவிட்டு கெர்னலைக் கட்டத் தொடங்கினான். கீழே கேட் மணி அடித்தது.