ஃபேன் வாங்குவதற்கு முன்: கேபினெட்டுக்குள் காற்று ஓடும் விதம்

கேம் ஓடும்போது ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் 400 வாட் மின்சாரம் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 400 வாட்டும் ஏறக்குறைய முழுவதுமாக வெப்பமாகத்தான் முடிகிறது. கணக்குப் போடுவது, படம் வரைவது, மெமரியை நிரப்புவது எல்லாமே சிலிக்கானுக்குள் மின்னோட்டம் போய்வருவதுதான். அதில் செலவான ஆற்றலுக்குச் சூடாவதைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. பிராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட்சிங்க் அந்த வெப்பத்தை வாங்கிக் கேபினெட்டுக்குள், அதாவது கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டிக்குள், இருக்கும் காற்றிடம் கைமாற்றிவிடுகிறது, அவ்வளவுதான். அந்தக் காற்று வெளியேறி, அறைக் காற்று உள்ளே வந்தால்தான் வேலை முடிந்தது. இல்லையென்றால் எவ்வளவு உயர்ந்த கூலர் (ஹீட்சிங்கும் அதன் மேல் ஃபேனும் சேர்ந்தது) போட்டாலும், அது சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுத்து ஊதிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு காற்று தேவை என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. அதை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க ஏறக்குறைய 1,200 ஜூல் போதும். ஃபேன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் சி.எஃப்.எம். என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற அளவு. இரண்டையும் சேர்த்தால் கிடைக்கும் சூத்திரம் இது: வாட்டை 1.76 ஆல் பெருக்கி சி.எஃப்.எம். எண்ணால் வகுத்தால், உள்ளே வந்த காற்று வெளியேறும்போது எத்தனை டிகிரி ஏறியிருக்கும் என்று தெரிந்துவிடும். 400 வாட்டுக்கு 50 சி.எஃப்.எம். காற்று ஓடினால் 14 டிகிரி. 100 ஓடினால் 7. 200 ஓடினால் 3.5. கேபினெட் காற்று ஏறும் ஒவ்வொரு டிகிரியும் ஏறத்தாழ அப்படியே பிராசசர் வெப்பநிலையில் வந்து சேரும் என்பதால் இந்த எண்கள் முக்கியம். காற்றை முதல்முறை இரட்டிப்பாக்கும்போது 7 டிகிரி குறைகிறது. அடுத்த முறை இரட்டிப்பாக்கினால் மூன்றரைதான். இதற்கு மேலும் ஃபேன்களை அடுக்கிக்கொண்டே போவதில் பெரிய பலன் இல்லை.

இங்கே 100 சி.எஃப்.எம். என்பது உண்மையில் கேபினெட்டைக் கடந்துபோகும் காற்று. பெட்டியில் போட்டிருக்கும் எண் வேறு. அந்த எண்ணை, எதிரே எந்தத் தடையும் இல்லாமல் ஃபேனைத் திறந்த வெளியில் ஓடவிட்டு அளக்கிறார்கள். பக்கத்திலேயே மில்லிமீட்டர் நீர் அளவில் போட்டிருக்கும் அழுத்தமோ, ஃபேனின் வாயை முழுவதும் அடைத்துக் காற்றே ஓடாத நிலையில் அளந்தது. ஒரே நேரத்தில் இரண்டும் கிடைக்காது. முன்னால் எவ்வளவு தடை இருக்கிறதோ அதற்கேற்றபடி ஃபேன் இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் ஓடும். ஆகவே, புது ஃபேன் வாங்குவதைவிட, இருக்கும் ஃபேனுக்கு முன்னால் நிற்கும் தடையை எடுப்பது பல கேபினெட்டுகளில் அதிகப் பலன் தரும்.

அந்தத் தடை பெரும்பாலும் முன்பக்கப் பேனலில்தான் இருக்கும். ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனில், நடுவில் இருக்கும் மோட்டார் வட்டத்தைக் கழித்துவிட்டால், காற்று போகும் பரப்பு சுமார் 93 சதுர சென்டிமீட்டர். மூன்று ஃபேனுக்கு 280. முன்னால் கண்ணாடியோ மூடிய பிளாஸ்டிக்கோ வைத்து, இரு ஓரத்திலும் ஒரு சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் உயரத்தில் இடுக்கு மட்டும் விட்டிருந்தால், உள்ளே வர மிஞ்சும் வழி 80 சதுர சென்டிமீட்டர். அதே அளவு காற்று அதன் வழியாக வர வேண்டுமானால் மூன்றரை மடங்கு வேகத்தில் வர வேண்டும். அழுத்த இழப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால் அது ஏறக்குறைய 12 மடங்காகும். கேபினெட் ஃபேனுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. சத்தம் கூடும், காற்று கூடாது. இதற்குப் பின்னால் தூசி படிந்த ஃபில்டரும் இருந்தால் மிச்சமிருந்த வழியும் போயிற்று. புதிதாகக் கேபினெட் வாங்குபவர்கள் முன்பக்கம் வலைக்கம்பி வைத்த கேபினெட்டாகப் பார்த்து வாங்குங்கள். அழகுக்காக முன்பக்கத்தை அடைத்த கேபினெட்டை, அதற்குள் 400 வாட் போடுவதாக இருந்தால், வாங்கவே கூடாது.

ஏற்கெனவே இருக்கும் கேபினெட்டில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்குரூ டிரைவரும், வெப்பநிலை காட்டும் மென்பொருளும், அறைக்கு ஒரு தெர்மாமீட்டரும் போதும். முதலில் எல்லா ஃபேனையும் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) ஒரே நிலையான வேகத்தில், உதாரணமாக 60 சதவீதத்தில், வைத்துவிடுங்கள். தானாக வேகம் மாறிக்கொண்டிருந்தால் ஒப்பிட முடியாது. பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் சேர்த்து வேலை கொடுத்து 20 நிமிடம் ஓடவிடுங்கள். கேபினெட்டும் உள்ளே இருக்கும் உலோகமும் சூடாகி நிலைக்கு வர அவ்வளவு நேரம் ஆகும். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, அறை மூன்றின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, முதல் இரண்டிலிருந்தும் அறையின் வெப்பநிலையைக் கழியுங்கள். நேற்று 28 டிகிரியும் இன்று 33 டிகிரியும் இருந்த அறையில் எடுத்த எண்களை நேரடியாக ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

அடுத்து முன்பக்கப் பேனலை மட்டும் கழற்றிவிட்டு அதே சோதனை. பிறகு அதை மாட்டி, பக்கவாட்டுப் பேனலைக் கழற்றி மறுபடியும். முன்பேனலை எடுத்ததும் ஐந்தாறு டிகிரி இறங்கினால், தடை அங்கேதான். முன்பேனலால் மாற்றமில்லை, பக்கப் பேனலை எடுத்தால் எட்டுப் பத்து டிகிரி இறங்குகிறது என்றால், உள்ளே காற்று தேங்குகிறது. ஃபேன் போதவில்லை அல்லது தப்பான திசையில் இருக்கிறது. எதை எடுத்தாலும் இரண்டு டிகிரிக்கு மேல் மாறவில்லை, ஆனாலும் பிராசசர் 95 டிகிரியைத் தொடுகிறது என்றால், கேபினெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கூலர் சரியாக உட்காரவில்லை, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது, ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி மெத்தை போல அடைத்திருக்கிறது, அல்லது கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னது புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் நடப்பதுண்டு.

பக்கப் பேனலைத் திறந்தே வைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். மூடிய கேபினெட்டில் முன்னாலிருந்து பின்னால் போகும் காற்று வழியிலிருக்கும் எஸ்.எஸ்.டி.யையும், பிராசசருக்கு மின்சாரம் தரும் பாகங்களையும் தொட்டுக்கொண்டு போகிறது. திறந்துவிட்டால் அந்த ஓட்டம் சிதறும். பிராசசர் குளிர்ந்தாலும் அவை சூடாகலாம். தூசியும் ஃபில்டரைக் கடக்காமல் நேராக உள்ளே வரும்.

சூடான காற்று மேலே போகும், அதனால் மேலே ஃபேன் வைத்தே ஆக வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மேலே போவது உண்மைதான், ஆனால் எவ்வளவு பலத்தோடு? 45 சென்டிமீட்டர் உயரக் கேபினெட்டுக்குள் காற்று அறையைவிட 10 டிகிரி சூடாக இருந்தால், அதை மேலே தூக்கும் அழுத்தம் சுமார் 0.02 மில்லிமீட்டர் நீர். ஒரு சாதாரண 120 மில்லிமீட்டர் ஃபேன் தரக்கூடிய உச்ச அழுத்தம் 1 முதல் 2 மில்லிமீட்டர். ஃபேன் ஓடத் தொடங்கிவிட்டால் அது தள்ளும் திசையில்தான் காற்று போகும். ஆகவே மேலா கீழா என்பதைவிட, அறைக் காற்று முதலில் எதைத் தொடுகிறது, கடைசியாக எங்கே வெளியேறுகிறது என்று யோசிப்பதே சரி.

பெரும்பாலான கேபினெட்டுகளுக்கு முன்னால் இரண்டு ஃபேன் உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்ற என்ற அமைப்பு போதும். முன்பக்க இரண்டில் ஒன்றைக் கிராபிக்ஸ் கார்டின் மட்டத்துக்கு இறக்கி மாட்டுங்கள். பல கம்ப்யூட்டர்களில் அதிக வெப்பம் தருவது அந்தக் கார்டுதான். நான்காவது ஃபேன் போடுவதானால் மேல்பக்கத்தில், பின் ஓரத்தில், வெளியேற்றும்படி போடலாம். அதையே மேல்பக்கத்தின் முன் ஓரத்தில் போட்டால், முன்னால் வந்த குளிர்ந்த காற்றைக் கூலருக்குப் போகும் முன்பே பிடித்து வெளியே தள்ளிவிடும். ஃபேன் ஒன்று கூடியும் பிராசசர் சூடு குறையாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கிராபிக்ஸ் கார்டின் ஃபேன்களுக்குக் கீழே மூன்று நான்கு சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும். அங்கே இன்னொரு கார்டையோ கேபிள் கற்றையையோ திணிக்காதீர்கள்.

திசையைக் கண்டுபிடிப்பது எளிது. ஃபேனைக் கையில் எடுத்தால் ஒரு பக்கம் இறக்கைகள் திறந்தபடி தெரியும். மறுபக்கம் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் இருக்கும். வழக்கமான ஃபேன்களில் காற்று திறந்த பக்கம் நுழைந்து சட்டமுள்ள பக்கம் வெளியேறும். முன்பக்கம் அழகாகத் தெரிய வேண்டும் என்று இதைத் திருப்பிச் செய்த மாடல்களும் உண்டு. சட்டத்தின் ஓரத்தில் பொறித்த அம்புக்குறியைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஓடவிட்டு ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

அதே டிஷ்யூவை வைத்து உள்ளழுத்தத்தையும் பார்க்கலாம். கேபினெட்டின் பின்னால், ஃபேன் இல்லாத சிறு ஓட்டைகளுக்கு அருகில் மெல்லிய துண்டைப் பிடியுங்கள். வெளியே தள்ளப்பட்டால் உள்ளே வரும் காற்று அதிகம். ஒட்டிக்கொண்டால் வெளியேற்றும் ஃபேன்கள்தான் ஓங்கி நிற்கின்றன. முதல் நிலைதான் நல்லது. அப்போது காற்றெல்லாம் ஃபில்டர் வழியாக மட்டுமே வரும். இரண்டாவது நிலையில், ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் தூசியோடு காற்று உள்ளே வரும். பின்பக்கத்தில் கார்டு மாட்டும் இடங்களை மறைக்கும் ஸ்லாட் மூடிகளைக் கழற்றிப்போட்டிருந்தால், அந்த இடைவெளி வழியாக, கிராபிக்ஸ் கார்டு அப்போதுதான் வெளியே துப்பிய சூடான காற்றே திரும்பி வரும். தொலைந்த ஸ்லாட் மூடிகளை மாட்டிவிடுவது சின்ன வேலை, தவறாமல் செய்யுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொரு கசிவு முன்பக்கத்திலேயே இருக்கிறது. ஃபேன் சட்டத்துக்கும் முன்பேனலுக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெற்றிடம் இருக்கும். அது மேலேயோ பக்கத்திலேயோ கேபினெட்டின் உட்புறத்தோடு திறந்திருக்கும். வெளியிலிருந்து காற்றை இழுப்பது கடினமாக இருந்தால், ஃபேன் சுலபமான வழியாகப் பின்னால் இருக்கும் சூடான காற்றை அந்த இடைவெளியில் சுற்றி இழுத்து மறுபடி உள்ளேயே ஊதும். ஃபேனைச் சுற்றியுள்ள ஓட்டைகளையும், ஃபேன் மாட்டாத காலி இடத்தையும் நுரைப் பட்டையாலோ கெட்டி அட்டையாலோ அடைத்துவிட்டால் இந்தச் சுற்றோட்டம் நிற்கும்.

சத்தத்துக்கு வருவோம். ஃபேனின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்று இரட்டிப்பாகும், அழுத்தம் நான்கு மடங்கு, இழுக்கும் மின்சாரம் எட்டு மடங்கு, சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் கூடும். காதுக்கு 10 டெசிபலே இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். நிமிடத்துக்கு 1,400 சுற்றில் ஓடும் ஒரே ஃபேனுக்குப் பதில் 700 சுற்றில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் திறந்த வெளியில் அதே காற்று, சத்தம் சுமார் 12 டெசிபல் குறைவு. கூடுதல் ஃபேனுக்கு உண்மையான நியாயம் இந்த அமைதிதான். 140 மில்லிமீட்டர் ஃபேன் பொருந்தும் இடத்தில் 120 போடாமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இணைப்பில் நான்கு ஊசி (பின்) உள்ள ஃபேனுக்கு எப்போதும் 12 வோல்ட் போகும். வேகத்தைத் தனிக் கம்பியில் வரும் துடிப்புச் சமிக்ஞை தீர்மானிக்கும். மூன்று ஊசி ஃபேனை வோல்டேஜைக் குறைத்துத்தான் கட்டுப்படுத்த முடியும்; பயாஸில் அந்த இணைப்பை டி.சி. முறைக்கு மாற்றாவிட்டால் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். மதர்போர்டின் ஒரு ஃபேன் இணைப்பு பொதுவாக ஒரு ஆம்பியர்தான் தாங்கும். ஃபேனின் ஸ்டிக்கரில் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பார்த்துவிட்டே ஒய் கேபிளில் பிரித்து மாட்டுங்கள். மீறினால் மின்சாரத்தை நேராகப் பவர் சப்ளையிலிருந்து எடுக்கும் ஹப் தேவை.

பிராசசரின் வெப்பநிலை ஒரு பிரவுசர் திறந்தாலே ஒரு நொடியில் 20 டிகிரி தாவும். கேபினெட் ஃபேன்களை அதோடு இணைத்தால் நாள் முழுவதும் ஏறி இறங்கி எரிச்சலூட்டும். அவற்றை மதர்போர்டு சென்சாரோடு, அல்லது மென்பொருள் வழியாகக் கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலையோடு இணையுங்கள். 50 டிகிரி வரை 40 சதவீதம், 65 இல் 55, 80 இல் 80 என்று மெதுவாக ஏறும் கோடு போதும். வேகம் மாறுவதற்குச் சில நொடி தாமதமும் வைத்துவிடுங்கள்.

ஃபில்டரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். கழுவினால் முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஹீட்சிங்கைக் காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழலவிட்டால் அளவுக்கு மீறிய வேகத்தில் பேரிங் கெடலாம், மோட்டார் ஜெனரேட்டராகி மதர்போர்டுக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் கூடும்.

தண்ணீர்க் கூலர் வைத்திருப்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். தண்ணீரின் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் ரேடியேட்டரை முன்னால் மாட்டினால் பிராசசருக்கு அறைக் காற்று கிடைக்கும், ஆனால் கிராபிக்ஸ் கார்டுக்கு அதைத் தாண்டி வந்த வெதுவெதுப்பான காற்றுதான். மேலே வெளியேற்றும்படி மாட்டினால் நிலைமை தலைகீழ். கேம் விளையாடுபவர்களுக்கு மேலே மாட்டுவதே பெரும்பாலும் நல்லது. எங்கே மாட்டினாலும் ரேடியேட்டரின் உச்சி பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கொஞ்சம் காற்று உயரமான இடத்தில் போய்ச் சேரும், அந்த இடம் பம்பாக இருந்தால் களகளவென்று சத்தம் கேட்கும், பம்பின் ஆயுளும் குறையும்.

கேபினெட்டுக்கு வெளியேயும் பாதை தொடர்கிறது. பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே 15 சென்டிமீட்டர் விடுங்கள். பவர் சப்ளை அடியில் இருந்து காற்றை இழுக்கும் மாடல் என்றால் கம்பளத்தின் மேல் வைக்காதீர்கள். மேசையின் மூடிய அறைக்குள் வைத்திருந்தால், பின்னால் ஊதிய சூடான காற்று சுற்றிக்கொண்டு முன்பக்கத்துக்கே வரும். அரை மணி நேரம் ஓடவிட்டு முன்பக்க வலைக்கு எதிரே தெர்மாமீட்டரைப் பிடித்தால் அறையைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்று காட்டிவிடும். இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் இருந்தால் மேசையின் பின்பலகையைக் கழற்றுங்கள், அல்லது கேபினெட்டை வெளியே எடுத்து வையுங்கள்.