காலநிலை வழக்கு போடலாமா?

"சார், கடல் வருஷா வருஷம் உள்ளே ஏறி வருது. காலநிலை மாற்றத்துக்காக யார் மேலயாவது கேஸ் போட முடியுமா?" கடலோர ஊர்களிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். போடலாம். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பிப் போட்டால், கேஸ் முதல் வாய்தாவைத் தாண்டுவதே கஷ்டம்.

இந்தியாவில் காலநிலைக்கென்று தனிச் சட்டம் கிடையாது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எந்தச் சட்டங்களின் கீழ் வரும் தகராறுகளை விசாரிக்கலாம் என்பதற்கு, அதை அமைத்த 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. தண்ணீர், காற்று, காடு, பல்லுயிர் என்று அதில் வரும் எதுவும் காலநிலைக்காக எழுதப்பட்டதல்ல. 2017இல் உத்தராகண்டைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ரித்திமா பாண்டே, காலநிலைக்கான சர்வதேச பாரிஸ் ஒப்பந்தப்படி அரசு நடக்கவில்லை என்று அங்கே போனார். திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது இதெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்று நினைக்கக் காரணமில்லை என்று சொல்லி, 2019 ஜனவரியில் தீர்ப்பாயம் மனுவை முடித்துவைத்தது.

அப்புறம் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய கதவைத் திறந்தது. காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து காக்கப்படுவது அரசியலமைப்பின் 14 (சமத்துவம்), 21 (வாழும் உரிமை) ஆகிய பிரிவுகளில் அடங்கிய உரிமை என்றது. வேடிக்கை என்னவென்றால், அது மின்கம்பிகளில் மோதிச் சாகும் கானமயில் என்ற அரிய பறவையைக் காப்பாற்றத் தொடுத்த வழக்கு. ராஜஸ்தான், குஜராத்தில் சுமார் 99,000 சதுர கிலோமீட்டரில் உயரே செல்லும் மின்கம்பிகளுக்கு 2021இல் போட்ட கட்டுப்பாட்டைத் தளர்த்தும்போதுதான் இந்த உரிமை பேசப்பட்டது. சூரிய மின்சாரம் வேண்டும், அதற்குக் கம்பி வேண்டும் என்பது அரசின் வாதம். ஆக, உரிமை பிறந்த நாளிலேயே அது ஒரு பறவைக்கு எதிர்ப்பக்கம் நின்றது. நாளைக்கு உங்கள் ஊர் ஏரியிலோ மேய்ச்சல் நிலத்திலோ சோலார் பூங்கா வந்தால், இதே தீர்ப்பை எதிர்த்தரப்பு வக்கீலும் எடுத்து வைப்பார்.

சட்ட அறிஞர்கள் இதை வேறு கோணத்தில் பார்க்கிறார்கள். ஜாக்குலின் பீல், ஜோலின் லின் என்ற இரு பேராசிரியர்கள், வளரும் நாடுகளின் வழக்குகளில் காலநிலை பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கிறது, மையத்தில் வேறொரு சட்டப் பிரச்சினை இருக்கிறது என்கிறார்கள். நான் கோர்ட்டில் பார்ப்பதும் அதுதான். 2015இல் பாகிஸ்தானின் லாகூர் உயர் நீதிமன்றத்துக்குப் போன விவசாயி லெகாரி புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. 2012இல் நீங்களே போட்ட காலநிலைக் கொள்கையை ஏன் நடைமுறைப்படுத்தவில்லை என்றுதான் கேட்டார். நீதிமன்றம் துறைதோறும் பொறுப்பாளரை நியமிக்கச் சொல்லி, மேற்பார்வைக்கு ஓர் ஆணையமும் அமைத்தது. அரசு தன் கையால் எழுதிய காகிதத்தை அதன் முன்னாலேயே நீட்டும்போது பதில் சொல்லாமல் தப்பிப்பது சிரமம்.

நம்மிடமும் அப்படிக் காகிதங்கள் இருக்கின்றன. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையில், அனுமதி கேட்கும் நிறுவனம் நிரப்ப வேண்டிய படிவம் 1இல், திட்ட இடம் வெள்ளம், மண்ணரிப்பு, மோசமான வானிலை ஆகியவற்றால் பாதிக்கப்படக்கூடியதா என்று ஒரு கேள்வி உண்டு. நான் முதலில் திறந்து பார்ப்பது அந்தப் பதிலைத்தான். போன மழையில் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடத்துக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தால், காலநிலை அறிவியலை நிரூபிக்க வேண்டிய சுமையே உங்களுக்கு இல்லை. தாசில்தார் அலுவலகத்தின் வெள்ள நிவாரணப் பட்டியல் போதும்.

கடலோரத்தில் இன்னொரு சிக்கல். கடல்மட்ட உயர்வையும் கணக்கில் கொண்டு வரையப்பட்ட அபாயக் கோடு ஒன்று இருக்கிறது. ஆனால் 2019ஆம் ஆண்டுக் கடற்கரை மண்டல அறிவிக்கைப்படி அது பேரிடர்த் திட்டமிடலுக்கான கருவிதான், கட்டடத்தைத் தடுக்கும் கோடு அல்ல. இது எனக்குச் சரியாகவே படவில்லை. இருந்தாலும் மனுவில் அந்த வரைபடத்தை இணைத்துவிடுவேன். ஆபத்து தெரியாது என்று அப்புறம் யாரும் சொல்ல முடியாது.

அனுமதி தருவதற்கு முன் ஊரில் நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கத்திவிட்டுப் பாதியில் வெளிநடப்பு செய்யாதீர்கள். முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. நீங்கள் சொன்ன வெள்ளமும் கடலரிப்பும் அதில் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள்.

அனுமதி வந்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை. அனுமதி கிடைத்ததை நிறுவனம் உள்ளூர்ப் பேப்பர் இரண்டில் விளம்பரம் செய்ய வேண்டும், பஞ்சாயத்துக்கும் நகல் தர வேண்டும். பஞ்சாயத்து அதை 30 நாள் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டிய அன்றே தேதி தெரிகிற மாதிரி செல்போனில் படம் எடுங்கள். பேப்பர் விளம்பரத்தையும் வெட்டி எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள்.