மூக்: இலவசமா, திறந்ததா?

மாசிவ், ஓப்பன், ஆன்லைன், கோர்ஸ் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் மூக். எத்தனை ஆயிரம் பேரானாலும், முன்தகுதி கேட்காமல், இணையம் வழியே சேர்ந்து படிக்கும் ஏற்பாடு. தமிழில் இதைப் பெரும்பாலும் 'இலவச ஆன்லைன் கோர்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். ஆனால் அந்த நான்கு சொற்களில் 'இலவசம்' இல்லை.

சொல் பிறந்தது 2008இல், கனடாவில். மனிடோபா பல்கலைக்கழகம் வழியாக ஜார்ஜ் சீமன்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் ஒரு பாடம் நடத்தினார்கள். கட்டணம் கட்டியவர்கள் சுமார் 25 பேர். கட்டாமல் இணையத்தில் வந்து சேர்ந்தவர்கள் 2,000க்கும் மேல். இப்படி ஒரு வகுப்பை என்னவென்று அழைப்பது? டேவ் கார்மியர் என்ற கனடியக் கல்வியாளர் மூக் என்றார். அப்போது 'ஓப்பன்' என்பதற்கு யாரும் சேரலாம் என்பதோடு பொருள் முடியவில்லை. பாடத்தை எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

2011இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே யுடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ் என்ற மூன்று மூக் தளங்களும் களத்தில். எட்எக்ஸின் முதல் பாடம், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தந்த மின்சுற்றியல். அதில் மங்கோலியாவைச் சேர்ந்த 15 வயதுப் பையன் முழு மதிப்பெண் வாங்கி, பிறகு எம்ஐடியிலேயே சேர்ந்தான். மூக் மீது உலகம் வைத்த நம்பிக்கை வீண் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அதே பாடத்தில் பதிவு செய்தவர்கள் ஏறத்தாழ 1,55,000, தேறியவர்கள் 7,157.

பாதியில் விட்டவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. எட்டிப் பார்க்க வந்தவர்கள் பலர். மற்றவர்களுக்கு ஆங்கிலம் தடை, இணையம் தடை, சந்தேகம் கேட்க ஆளில்லாதது அதைவிடப் பெரிய தடை. கோர்செரா பாடங்களைப் பற்றிய தொடக்ககால ஆய்வில் பெரும்பான்மையோர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் என்றே தெரிந்தது. கதவு திறந்திருந்தும், உள்ளே வந்தவர்கள் பெரும்பாலும் வசதி உள்ளவர்களே.

அப்புறம் 'ஓப்பன்' என்பதும் சுருங்கியது. பல பாடங்களில் காணொளி பார்க்கலாம். மதிப்பெண் உள்ள பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் பணம். பாடத்தை எடுத்து மாற்ற உரிமை கிடையாது.

ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத்திட்டம் இதில் பரவாயில்லை. தேர்வுக்குக் கட்டணம் உண்டு, ஆனால் பாடங்கள் மறுபயன்பாட்டை அனுமதிக்கும் உரிமத்தில் வருகின்றன. பல பாடங்களின் எழுத்துவடிவம் தமிழிலும் கிடைக்கிறது. அப்பாடங்கள் பலவும் 2017இல் தொடங்கிய, மத்திய அரசின் ஸ்வயம் தளத்திலும் உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பெருந்திரள் திறந்த இணையவழிப் பாடநெறி' பொருள் பிசகாதது, ஆனால் நீளம். 'பாரிய' என்று தொடங்கினால் படிப்பே பெரியது என்று தோன்றும், பெரியது கூட்டம்தான். 'திறந்த இணையப் பெருவகுப்பு' என்பது என் பரிந்துரை. காணொளி மட்டும் இலவசம், மற்றதெல்லாம் காசு என்றால் அதை 'இணைய வகுப்பு' என்றே எழுதலாம். 'திறந்த' என்பதை அதற்குக் கொடுக்க வேண்டாம்.