குழியானையின் பின்நடை

மழைச்சாரல் படாத திண்ணையோரத்திலும் மாட்டுத்தொழுவத்துப் புழுதியிலும், புனலைப் பதித்து எடுத்தாற்போல் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். ஒரு குழியை அடியோடு அள்ளி, உள்ளங்கையில் வைத்து மெல்ல ஊதினால் புழுதி நிறத்தில் ஒரு புழு மிஞ்சும். கொஞ்ச நேரம் செத்ததுபோல் கிடக்கும். பிறகு பின்பக்கமாகவே நகரத் தொடங்கும். குழியானை என்கிறோம், குழிநரி என்றும் சொல்வார்கள். தட்டானைப் போல நீள இறக்கை முளைத்துப் பறக்கப்போகும் ஒரு பூச்சியின் இளம்பருவம் அது.

எறும்பைப் பிடிக்கும் தந்திரத்துக்காகத்தான் இதைக் கொண்டாடுவார்கள். எனக்கோ அதன் நடைதான் பெரிய வியப்பு.

மண்ணுக்குள் போக, எதிரே உள்ள மண் விலக வேண்டும். அதைத் தள்ளும்போது உடல் வந்த வழியே வழுக்கிவிடாமல் பிடிமானமும் வேண்டும். நிலக்கடலை, கரும்பு வேர்களைத் தின்னும் வேர்ப்புழு, தாடையால் மண்ணைப் பெயர்த்து, வளைந்த உடலைச் சுற்றுமண்ணில் ஊன்றி முன்னேறுகிறது. ஈரமண்ணில் அது எடுபடும். காய்ந்த புழுதியிலோ குடையக் குடையச் சரியும்.

குழியானை தன் வயிற்றையே கலப்பைக் கொழுவாக்கிக்கொண்டது. கூம்பிய வயிற்று நுனியை மண்ணில் குத்தி, கால்களால் உடலைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கடைசிச் சோடிக் கால்களில் பாதமும் அதற்கு மேலுள்ள கணுவும் ஒன்றாய் இணைந்து கெட்டிப்பட்டிருக்கும். உடம்பிலோ தலைப்பக்கம் சாய்ந்த முள்முடிகள். பின்னே போகையில் அவை படிந்து வழிவிடும். முன்னே இழுத்தால் மண்ணில் மாட்டிக்கொள்ளும். தன்னைவிடப் பெரிய எறும்பைக் கவ்வியபடி, அது திமிறினாலும் குழியானை பிடுங்கப்படாமல் இருப்பது இந்தப் பிடிப்பால்தான்.

குழி தோண்டுவதும் இதே பின்நடையில்தான். வட்டமடித்து, சுற்றைக் குறுக்கிக்கொண்டே நடுவுக்கு வருகிறது. தட்டைத் தலைமேல் விழும் மண்ணை வெடுக்கென்று வெளியே எறிகிறது. பெருமணல் வெளியே போய்விட, சுவரில் நுண்மணல் தங்குகிறது. காய்ந்த மணல் சுமார் 30 பாகைக்கு மேல் சாய்ந்து நிற்பது கடினம். குழியின் சுவர் அந்த எல்லையை ஒட்டியே நிற்பதால், எறும்பு கால்வைத்ததும் காலடி மண் சரிகிறது.

வளர்ந்தபின் மண்மணிகளைப் பட்டிழையால் கோத்து, கோலிக்குண்டு போல ஒரு கூடு கட்டும். அதற்குள்ளேதான் இறக்கை முளைக்கிறது.