அந்த ஆமை வந்த திகதி என்ன?

போன கிழமை திருகோணமலையின் கொட்டியாரக்குடாப் பக்கம் ஒரு மீன் இறங்குதுறையில் நின்றேன். வயதான மீனவர் ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் சுழற்றியபடி பேசிக்கொண்டிருந்தார். சாவியோடு ஒரு சின்ன உலோகத் தகடும் கோத்திருந்தது. உப்பில் மங்கி விளிம்பு தேய்ந்திருந்தாலும் இலக்கம் தெளிவாக இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் கடலாமையின் முன் துடுப்பில் பூட்டிவிடும் அடையாளத் தகடு அது.

"இது எங்க கிடைச்சது ஐயா?"

"வலையில வந்த ஆமையின்ட கையில கிடந்தது பிள்ளை. ஆமையை விட்டிட்டன். இது வடிவா இருந்தது, கழட்டி எடுத்தன்."

"எப்ப?"

யோசித்தார். "மகளின்ட சாமத்திய வீட்டுக்கு முன்னமோ பின்னமோ, தெரியேல்ல."

இந்த வருடத்தில் இப்படி என் கண்ணில் பட்ட மூன்றாவது தகடு இது. அவரில் எனக்குக் கோபம் இல்லை, ஆமையை உயிரோடு விட்டவர். ஆனால் ஏதோ ஒரு கரையில் யாரோ ஒருவர் இரவிரவாக மணலில் கிடந்து, அந்த ஆமை முட்டையிட்டு முடியும்வரை காத்திருந்து பூட்டிய தகடு அது. ஒரு பக்கம் இலக்கம், மறுபக்கம் அறிவிக்க வேண்டிய முகவரி. கண்டவர் எங்கே, எப்போது என்று இரண்டு வார்த்தை சொன்னால்தான் அந்த இரவுக்குப் பலன்.

பொதுமக்கள் தாங்கள் கண்டதைப் பதிவு செய்து ஆராய்ச்சிக்குக் கொடுப்பதைத்தான் குடிமக்கள் விஞ்ஞானம் என்கிறோம். புதிய விஷயம் இல்லை. அமெரிக்காவில் 1900 ஆம் ஆண்டு நத்தாருக்கு 27 பேர் சேர்ந்து தொடங்கிய பறவைக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. இதற்குப் பட்டம் வேண்டாம், ஆங்கிலப் புலமையும் வேண்டாம். ஆராய்ச்சி செய்யும் நாங்கள் கடலில் மாதத்துக்கு நாலு நாள் நின்றால் பெரிய காரியம். மீனவர்கள் ஒவ்வொரு நாளும் நிற்கிறார்கள்.

சரி, இப்போது என்னை அதிகம் அலுப்பேற்றும் விஷயத்துக்கு வருகிறேன். "படம்தான் அனுப்பினேனே, அது போதாதா?"

போதாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக ஒரு படத்தை அனுப்பும்போது, அது எந்த நேரம், எந்த இடத்தில் எடுத்தது என்று கைத்தொலைபேசி உள்ளே பதிந்து வைத்த விவரம் கழன்றுவிடும். எனக்கு வந்து சேருவது வெறும் படம். அதை நீங்கள் இன்று காலை எடுத்தீர்களா, மச்சான் நேற்று அனுப்பினாரா, ஐந்து வருடத்துக்கு முன் வேறு நாட்டில் யாரோ எடுத்தது சுற்றிச் சுற்றி வந்ததா, எனக்கு எப்படித் தெரியும்? கரையொதுங்கிய ஒரு டொல்பினின் படம் பதினேழு பேரிடமிருந்து எனக்கு வந்தது. பதினேழிலும் ஒன்றில்கூட இடம் இல்லை. "எங்கே?" என்று திருப்பிக் கேட்டால், "எனக்கும் வந்தது, அனுப்பினேன்" என்ற பதில். இடம் தெரிந்து நான் போய்ச் சேர்ந்தபோது புதைத்து இரண்டு நாளாகிவிட்டது. அதன் நீளம் எவ்வளவு, ஆணா பெண்ணா, உடம்பில் வலை வெட்டிய தழும்பு இருந்ததா? எதற்கும் விடை இல்லை. படம் மட்டும் இன்னும் சுற்றுகிறது.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். எடுத்த படத்தை 'டொக்கியூமென்ட்' ஆக அனுப்புங்கள், விவரம் கழலாது. கூடவே இடம், திகதி, நேரம், கண்டவர் யார் என்று ஒரு வரி. ஊர்ப் பெயர் மட்டும் போதாது, நிலாவெளிக் கரை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். சிக்னல் இல்லாத கடலிலும் கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் வேலை செய்யும், அந்த இலக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சின்ன உயிரினம் என்றால் அளவு தெரிய ஒரு செருப்பைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். செத்த பிராணியில் ஏறி நின்று எடுப்பதை விடுங்கள். உயிரோடு ஒதுங்கிய டொல்பினை வாலில் பிடித்து இழுக்கவே வேண்டாம், வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே சொல்லுங்கள்.

திமிங்கிலம் பார்க்கப் படகில் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 1980களின் தொடக்கத்தில் டியூலிப் என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் திமிங்கிலங்களைப் படித்தது எங்கள் இந்தக் கடலில்தான். ஸ்பேர்ம் திமிங்கிலம் ஆழத்துக்குப் போகுமுன் வாலை முழுதாக உயர்த்தும். அந்த வாலின் பின் விளிம்பில் உள்ள வெட்டும் கிழிசலும் ஒவ்வொன்றுக்கும் வேறு, எங்கள் கைரேகை மாதிரி. நீலத் திமிங்கிலத்துக்கு விலாவில் உள்ள புள்ளித் திட்டுகள். ஹப்பிவேல் என்ற இணையத்தளத்தில் அப்படி ஒரு படத்தை ஏற்றினால், அதே திமிங்கிலத்தை வேறு யாராவது வேறு கடலில் கண்டிருந்தால் உங்களுக்கே அறிவிப்பு வரும். ஆனால் எல்லாரும் கமராவைத் தங்கள் முகத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள், வால் போனபிறகு வெறும் தண்ணீர்தான் மிஞ்சுகிறது. படகுக்காரத் தம்பிமாரே, நெருங்கிப் போய்த் துரத்த வேண்டாம். எட்ட நின்று வாலை எடுங்கள், அந்தப் படம்தான் எங்களுக்குத் தேவை.

பறவைக்கு ஈபேர்ட், மற்ற எல்லாவற்றுக்கும் ஐநேச்சுரலிஸ்ட். இரண்டும் கண்டதைப் பதிய உதவும் இலவசச் செயலிகள். ஈபேர்ட்டில் பதினைந்து நிமிடம் முற்றத்தில் நின்று, அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எண்ணிப் போடுங்கள். "வெறும் காகமும் புலுனியும்தான் மிஸ், அதைப் போய் எழுதுவதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதைத்தான், மகள், நீங்கள் எழுத வேண்டும். காகம் எத்தனை என்று இன்று எழுதாவிட்டால், பத்து வருடத்துக்குப் பிறகு காகம் குறைந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? தை மாதத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். ஆசிய நாடுகளில் 1987இலிருந்து நடந்து வருகிறது, இலங்கையிலும் நடக்கிறது. கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் களப்பு வாசலிலேயே இருக்கிறது.

புறாத்தீவுக்கு நீந்தப் போகிறவர்கள் முதலில் பவளப்பாறையில் காலை வைக்காதீர்கள். எத்தனை தடவை சொல்வது! அப்புறம், பவளப்பாறைகளைக் கண்காணிக்கும் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் கோரல்வொச் திட்டத்தில் ஒரு வண்ண அட்டை உண்டு, 1 முதல் 6 வரை நிறச் செறிவு. பவளத்தின் மிக வெளிறிய இடத்தையும் மிகக் கடும் நிறமான இடத்தையும் அட்டையோடு ஒப்பிட்டுக் குறித்தால் போதும். தண்ணீர் சூடேறும் காலத்தில் பவளம் நிறம் இழக்கும் வெளிறல் எப்போது தொடங்குகிறது என்பதை அப்படித்தான் பிடிக்கலாம்.

ஒன்றை மட்டும் பகிரங்கமாகப் போட வேண்டாம்: ஆமை முட்டையிட்ட இடம். முகநூலில் போட்டால் விடியுமுன் முட்டை இருக்காது. ஐநேச்சுரலிஸ்ட் அருகிவரும் இனங்களின் சரியான இடத்தை மறைத்துத்தான் காட்டும்.

மீனவ ஐயாமாருக்கு: ஆமை வலையில் வந்ததைச் சொன்னால் வழக்கு வருமோ என்ற பயம் எனக்குத் தெரியும். யார் பிடித்தது என்று நான் கேட்கவில்லை. எங்கே, எப்போது, அவ்வளவுதான். உயிருள்ள ஆமையில் தகடு இருந்தால் கழற்றாமல் இலக்கத்தைப் படம் எடுத்துவிட்டு ஆமையை விடுங்கள். எழுதக் கொப்பி இல்லையா? வீட்டுக்கு வந்ததும் அன்றைய கலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதுங்கள், திகதி ஏற்கனவே அச்சில் இருக்கிறது.

ஏற்கனவே கழற்றிய தகடு வீட்டில் இருந்தால், அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று மனைவியிடம் கேளுங்கள், வருடமாவது பிடிபடும். அந்த ஐயாவின் மனைவி உடனே சொன்னார்: "சாமத்திய வீட்டுக்கு முன்னம்தான், பந்தல் போட்ட கிழமை." சாமத்திய வீட்டு அல்பத்தில் திகதி இருந்தது. தகட்டை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன், இலக்கத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு.