ஷட்டர் கனக்கிறது என்றால் ஸ்பிரிங் களைத்துவிட்டது

"அண்ணாச்சி, எங்கள் வீட்டுக் கார் ஷெட் ஷட்டர் முன்னைவிடக் கனத்துவிட்டது. துரு ஏறி எடை கூடிவிட்டதோ?"

பெருமாள்புரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கைபேசியில் இப்படிக் கேட்டார். இருபது வருடத்துக்கு மேலாகத் திருநெல்வேலியில் ரோலிங் ஷட்டர் வேலை செய்கிறேன். டவுன், பேட்டை, வள்ளியூர் என்று எங்கிருந்து அழைப்பு வந்தாலும் பாதிப் பேர் "கனத்துவிட்டது" என்றுதான் சொல்கிறார்கள். துரு ஏறினால் தகடு அரிக்கும், கைக்குத் தெரியும் அளவுக்கு எடை ஏறாது. அந்தக் கனம் ஷட்டர் மாட்டிய நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. உங்கள் கைக்குத் தெரியாமல் வேறொருவன் சுமந்துகொண்டிருந்தான். அவன் இப்போது களைத்துவிட்டான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. கார் நுழையும் ஷட்டர் 8 அடிக்கு 8 அடி என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 6 சதுர மீட்டர். 1.2 மில்லிமீட்டர் பட்டை போட்டால் வெறும் தகடாகவே 56 கிலோ வரும். பட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் சுருட்டையும் அடித்தகட்டையும் சேர்த்தால் அறுபதை நன்றாகத் தாண்டிவிடும். இதைத்தான் ஏழாம் வகுப்புப் பையன் ஒரு கையால் தூக்கிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறான். பழைய கிணற்றுத் துலாவின் பின்நுனியில் கல் கட்டியிருப்பார்கள். தண்ணீர் வாளி மேலே வரும்போது அந்தக் கல்தான் பாதி வேலையைச் செய்யும். ஷட்டரில் அந்தக் கல்லின் இடத்தில் இருப்பது ஸ்பிரிங்.

வாசலுக்கு மேலே பெட்டிபோல் மூடியிருக்கிறதே, அதற்குள் ஒரு இரும்புப் பைப் குறுக்கே கிடக்கும். அதன் இரண்டு முனைகளையும் சுவரிலுள்ள பிராக்கெட்டில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருப்போம். பைப்பின் மேல் ஸ்பிரிங்குகளும் அவற்றோடு சேர்ந்து சுழலும் சக்கரங்களும் இருக்கும். ஸ்பிரிங்கின் ஒரு முனை பைப்பில், மறு முனை சக்கரத்தில். ஷட்டரைக் கீழே இழுக்க இழுக்கச் சக்கரம் சுழன்று ஸ்பிரிங் முறுக்கேறும். தூக்கும்போது அந்த முறுக்கு பிரிந்து உங்களோடு சேர்ந்து தூக்கும். ஆக, இரவு பூட்டிவிட்டு நீங்கள் உறங்கும் நேரத்தில்தான் ஸ்பிரிங் முழு முறுக்கில் விழித்திருக்கிறது. நடுராத்திரியில் வெடி போட்டதுபோல் சத்தம் கேட்டு, திருடனோ என்று தடியோடு ஓடிவந்தவர்களை எனக்குத் தெரியும். திருடன் இல்லை, ஸ்பிரிங் முறிந்த சத்தம்.

ஏன் முறிகிறது? ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிகிறதல்லவா, அதே கதைதான். அமெரிக்க வீடுகளின் கேரேஜ் கதவுகளுக்குச் சாதாரணமாகப் போடும் ஸ்பிரிங்கை 10,000 தடவை திறந்து மூடும் ஆயுளுக்குக் கணக்கிட்டுச் செய்கிறார்கள். நாளைக்கு நான்கு தடவை என்றால் ஏழு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. நான் வாங்கிய ஷட்டர் ஸ்பிரிங் பில் எதிலும் அப்படியொரு எண்ணைக் கண்டதில்லை. ஆனாலும் எந்த ஸ்பிரிங்குக்கும் ஆயுள் எண்ணிக்கையில்தான், வருடத்தில் அல்ல. அப்பா ஆபீஸ், அம்மா கடைத்தெரு, பிள்ளைகள் டியூஷன் என்று ஒரே ஷட்டரைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கும் வீட்டில் அது சீக்கிரமே முடியும்.

அந்த எண்ணிக்கையைத் துரு இன்னும் குறைக்கும். உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி வீடுகளில் கழற்றும் ஸ்பிரிங்கைப் பார்த்தால் அம்மைத் தழும்புபோல் குழிகுழியாக இருக்கும். உப்புக் காற்றின் வேலை அது. விரிசல் ஏதாவதொரு குழியிலிருந்துதான் கிளம்புகிறது. பார்த்தால் நல்ல கம்பிதான். ஒருநாள் ஒரே சத்தத்தில் போய்விடும்.

இனி, எங்கள் தொழிலில் நடக்கும் ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். சக தொழிலாளிகள் கோபித்துக்கொண்டாலும் சரி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. வெள்ளம் வடிந்தபின் எனக்கு மூன்று மாதம் ஓய்வே இல்லை. ஆற்றோரத் தெருக்களில் ஷட்டர் ஓடும் இரண்டு பக்கத்து கைடுகளிலும் வண்டல் இறுகிக் கிடந்தது. ஷட்டர் அசையவில்லை. ஒரு வீட்டில் எனக்கு முன்னால் வந்த ஆள், "ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது" என்று சொல்லி பைப்பை மூன்று சுற்றுக் கூடுதலாக முறுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஷட்டர் ஏறியது, வீட்டுக்காரருக்கும் திருப்தி. சித்திரை வெயிலில் வண்டல் காய்ந்து உதிரத் தொடங்கியதும் உரசல் குறைந்தது, முறுக்கு மட்டும் அப்படியே இருந்தது. ஒரு காலையில் அந்த வீட்டு அம்மா பூட்டைத் திறந்த மாத்திரத்தில் ஷட்டர் தானாகவே சீறிக்கொண்டு மேலே போய்ப் பெட்டியில் இடித்தது. கைப்பிடியில் கொடுத்திருந்த விரலை அவர் எடுத்துவிட்டார் என்பது அதிர்ஷ்டம்.

கைடில் உள்ள நோய்க்கு ஸ்பிரிங்கில் மருந்து போடக்கூடாது. ஷட்டர் கனத்தால் முதலில் பார்க்க வேண்டியது கைடு, அடுத்தது வளைந்த பட்டை, அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங். வந்ததும் வராததுமாக ஏணி போட்டுப் பைப்பைத் திருப்பும் ஆளிடம், "கைடைப் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கைடை நீங்களே சுத்தம் செய்யலாம். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் உலர்ந்த துணியும் போதும். ஆனால் கிரீஸை அப்பாதீர்கள், பைக் கடையில் சும்மா கிடைக்கிறதே என்று வேஸ்ட் ஆயிலையும் ஊற்றாதீர்கள். ஆனி, ஆடிக் காற்றில் நம் ஊர்ப் புழுதி எப்படிப் பறக்கும் என்று உங்களுக்குத் தெரியும். திசையன்விளை, குட்டம் பக்கம் என்றால் தேரி என்கிற மணல்மேட்டின் செம்மணல் வேறு. அதெல்லாம் கிரீஸில் ஒட்டிக்கொண்டால் உப்புத்தாள் மாதிரி பட்டையின் ஓரத்தைத் தேய்க்கும். உலர்ந்த கைடில் மெழுகுவர்த்தியை மேலும் கீழுமாகத் தேய்த்துவிட்டாலே வழுக்கும். சிலிக்கான் ஸ்பிரே கிடைத்தால் இன்னும் நல்லது.

ஸ்பிரிங்கின் நிலையைப் பெட்டியைத் திறக்காமலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஷட்டருக்கு வெளிப்பக்கம் நின்று, இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, கையின் பிடியை மெல்லத் தளர்த்துங்கள். நல்ல ஷட்டர் அங்கேயே நிற்கும், இல்லையென்றால் நாலு விரற்கடை நகர்ந்து நிற்கும். தொப்பென்று கீழே போனால் முறுக்கு போதவில்லை, அல்லது ஒரு ஸ்பிரிங் போய்விட்டது. தானாக மேலே ஏறினால் முறுக்கு அதிகம். ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து கோணலாக ஏறினால், இரண்டில் ஒரு ஸ்பிரிங் முறிந்து மற்றது தனியாக இழுக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அப்படி ஒன்று முறிந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்வேன். வியாபாரத் தந்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே நாளில் மாட்டியவை, ஒரே எண்ணிக்கை உழைத்தவை. புதிய மாட்டோடு கிழமாட்டை நுகத்தில் பூட்டினால் உழவு எந்தப் பக்கம் இழுக்கும் என்று விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்தச் சோதனையோடு இன்னும் இரண்டைக் கவனியுங்கள். பிராக்கெட்டைச் சுற்றிச் சுவரில் பூச்சு வெடித்திருக்கிறதா? அடித்தகட்டின் இரு ஓரங்களிலும் உள்ள தடுப்பு இரும்பு ஒடியாமல் இருக்கிறதா? அது இல்லையென்றால் ஷட்டர் முழுவதும் பெட்டிக்குள் சுருண்டு போய்விடும். அதை வெளியே எடுப்பது பெரும்பாடு.

பெட்டியையும் கிளாம்பையும் மட்டும் தொடாதீர்கள். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், மேஸ்திரி டீ குடிக்கப் போன நேரத்தில் நான் தொட்டேன். ஷட்டர் மேலே ஏறித்தானே இருக்கிறது, ஸ்பிரிங்கில் முறுக்கு இருக்காது என்று நினைத்துவிட்டேன். ஏறிய நிலையிலும் முதலில் ஏற்றிவைத்த சுற்றுகள் உள்ளே இருக்கும் என்பது மண்டையில் ஏறவில்லை. பைப் ரெஞ்சைப் பைப்பில் மாட்டி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் கிளாம்பின் நட்டைத் தளர்த்தினேன். நட்டு விட்ட கணத்தில் பைப் சுழன்றது, ரெஞ்சும் அதோடு சுழன்றது. மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. ஏணியிலிருந்து விழுந்ததில் முதுகில் பட்ட அடி தனி. இன்றைக்கும் ஐப்பசி, கார்த்திகையில் மழை வருவதை அந்த மணிக்கட்டு எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். அந்த ரெஞ்ச் முகத்துக்கு நேராக வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் சில வீடுகளில் இப்போது அமெரிக்க மாதிரிப் பலகைக் கதவும் வந்திருக்கிறது. அதன் ஸ்பிரிங் கதவுக்கு மேலே கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். முறிந்தால் நடுவில் இரண்டு அங்குல இடைவெளி விழுந்திருக்கும், பார்த்தாலே தெரியும். ஏழு அடிக் கதவுக்கு அந்த ஸ்பிரிங்கை ஏழு சுற்றுக்கு மேல் முறுக்குவார்கள். அதற்கென்றே அளவாகச் செய்த கம்பிகள் உண்டு. வீடியோ பார்த்துவிட்டு ஸ்குரூ டிரைவரைத் துளையில் செருகி முறுக்கப்போன ஒருவரைப் பாளையங்கோட்டையில் பார்த்தேன். கையிலிருந்து அதை வாங்கி வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன்.

மோட்டார் வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கவாட்டில் பெரிய மோட்டார் வைத்த ஷட்டர்களில் பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்காது, மோட்டாரே முழுச் சுமையையும் தூக்கும். ஸ்பிரிங் உள்ள ஷட்டரில் சிறிய மோட்டாரைச் சேர்த்திருந்தால் கதை வேறு. ஸ்பிரிங் போனது உங்கள் கைக்குத் தெரியாது. மோட்டார் முனகிக்கொண்டே இழுத்து, ஒருநாள் கருகும். மாதம் ஒரு தடவை மோட்டாரை விடுவித்துக் கையால் தூக்கிப் பாருங்கள்.

ஸ்பிரிங் முறியும்போது ஷட்டர் திறந்திருந்தால் அதன் கீழே யாரும் நடக்கக்கூடாது. தேருக்கு முட்டுக்கட்டை போடுவதுபோல், எட்டி நின்றபடியே இரண்டு ஓரத்திலும் அடித்தகட்டுக்குக் கீழே உறுதியான மரத்தை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கயிறு கட்டி இறக்கும் வீரம் வேண்டாம். மூடியிருக்கும்போது முறிந்து கார் உள்ளே மாட்டிக்கொண்டால் கார் அங்கேயே இருக்கட்டும். அவசரம் என்றால் ஆட்டோ இருக்கிறது.

பெருமாள்புரத்து ஆசிரியர் வீட்டில் ஒரு பக்கத்து ஸ்பிரிங் முறிந்து இரண்டு மாதமாவது ஆகியிருக்கும். அதுவரை அவர் தினமும் மூச்சைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார், எழுபது வயதில். இரண்டையும் மாற்றி, கைடைத் துடைத்து, "இப்போது தூக்குங்கள் சார்" என்றேன். பழைய ஞாபகத்தில் இரண்டு கையாலும் பலமாக இழுத்தார். ஷட்டர் விர்ரென்று மேலே போனதும் திடுக்கிட்டுப் பின்னால் வந்துவிட்டார். இன்னொரு முறை ஒரே கையால் ஏற்றி, இடுப்பு உயரத்தில் நிறுத்தி, விட்டுப் பார்த்தார். நின்றது. உள்ளே போய் நாட்காட்டியில் தேதியைக் குறித்துவிட்டு வந்தார்.